முழங்கால் கட்டை

திங்கட்கிழமை காலையில் டன்மோர் ஊரில் ஒரு ஆம்பளையைப் பார்க்க வேண்டுமென்றால் ரயிலடிக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் சாராயம் ஊற்றும் சலூனுக்கு, அதுவும் இல்லாவிட்டால் கல்லறைக்கு. வீட்டில் கிடைக்கமாட்டான். முந்தின நாள் மிஞ்சிய ஆறின பீன்ஸை நின்றபடியே விழுங்கிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு, பெண்டாட்டி திரும்பிப் பார்ப்பதற்குள் தெருமுனை தாண்டியிருப்பான். ஞாயிறு கடவுளுக்கு, திங்கள் அழுக்குக்கு. கடவுள் முன்னால் மண்டியிட்டவன் அழுக்கின் முன்னால் ஒரு நிமிஷம் நிற்கமாட்டான்.

அதில் ஒரு பந்தயமும் உண்டு. எந்த வீட்டு வெள்ளைத்துணி முதலில் கொடியேறிக் காய்கிறதோ அந்த வீட்டுக்காரிக்கு அந்த வாரம் முழுக்கத் தெருவில் தலை நிமிர்ந்த நடை. பாதிரியார் மனைவி ஜன்னலோரம் நின்று பார்த்துக் குறித்துக்கொள்வாள் என்று பேச்சு. ஜன்னலோரம் நின்றும் அவள் துணி எப்படிச் சீக்கிரம் துவைபடுகிறது என்பது யாருக்கும் விளங்காத ரகசியம்.

தெர்சா கோல்வினுக்கு இடது கையில் மூன்று விரல்தான் விரல். மற்ற இரண்டும் கரண்டிக் காம்பு மாதிரி சப்பட்டையாகக் கிடக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் பட்டு வெயிஸ்ட்கோட் போட்ட ஒருத்தன் வாசலில் வந்து துணி பிழியும் எந்திரம் விற்றான். இரண்டு ரப்பர் உருளை, நடுவில் ஈரத்துணி, பக்கத்தில் கைப்பிடி. "பட்டன் ஒண்ணுகூட ஒடியாதும்மா" என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, பட்டன் ஒடியவே இல்லை. மூன்றாவது திங்கட்கிழமை ஒரு தலையணை உறையோடு தெர்சாவின் விரல்கள் உள்ளே போயின.

பின்பக்கம் சுற்றினால் தோல் உரியும். முன்பக்கம் சுற்றினால் கை போகும். மேல் உருளையைத் தளர்த்த இரண்டு திருகு, அதுவும் எட்டாத பக்கத்தில். கால்மணி நேரம் அப்படியே நின்றாள். கத்தினாள். அடுத்த வீட்டு ஜெர்மன்காரி காத்தரினாவுக்குக் கேட்டது. அவள் அப்போது கொடியில் மூன்றாவது விரிப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டி முடித்துவிட்டு வந்தாள். அதற்குள் தெர்சா உடம்பை முறுக்கி ஒரு திருகைப் பல்லால் கடித்தே கழற்றியிருந்தாள். துணிக்கு வைத்த நீலத் தண்ணீர் ஊதா நிறமாகியிருந்தது. காத்தரினா தாமதமாக வந்ததைத் தெர்சா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை அவளும் அப்படித்தான் செய்திருப்பாள்.

அந்தக் கால்மணி நேரத்தில் அவள் கண்டுகொண்டது ஒன்று உண்டு. கை மாட்டிக்கொண்டாலும் முழங்கால் சும்மாதான் இருக்கிறது.

இரண்டு வருஷம் அந்த நினைப்போடு மல்லுக்கட்டினாள். புருஷன் ஜோனஸ் போரில் போய்விட்டான், கேட்க ஆளில்லை. கொழுந்தன் ஏசா கோல்வின் பீப்பாய் செய்கிறவன். மரச்சட்டத்தை மட்டும் அவன் பட்டறையில் செய்து வாங்கினாள். உள்ளே இருக்கும் கொக்கியைத் தானே செதுக்கினாள். முழங்கால் உயரத்தில் ஒரு கட்டை, அதுவரைக்கும் ஏசாவுக்கும் தெரியும். அதை அழுத்தினால் உள்ளே ஒரு முளை நழுவி, மேல் உருளை துள்ளி எழுந்துவிடும். முளைக்குப் பித்தளைக் கம்பி இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பித்தளை ஏசாவின் பட்டறையில்தான் இருந்தது. பித்தளை கேட்டால் எதற்கு என்பான், எதற்கு என்று சொன்னால் கொக்கி தெரிந்துவிடும். ஆகவே மரத்திலேயே ஒரு முளை சீவிப் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பெரிய எந்திரம் முடிந்தது. சமையலறையில் காரட்டை வைத்துப் பதினைந்து தடவை பார்த்தாள். பதினைந்து தடவையும் காரட் பிழைத்தது. அதே அச்சில் ஒரு அடி உயரத்தில் சின்ன மாதிரி ஒன்றும் செய்திருந்தாள். வாஷிங்டனில் காப்புரிமை கேட்கிறவர்கள் எழுத்தும் மாதிரியும் சேர்த்து அனுப்ப வேண்டும். மறுநாள் ஞாயிறு, ஊசியில் நூல் கோர்ப்பதுகூடப் பாவம். அதற்கடுத்த நாள்தான் முதல் தடவையாக எந்திரம் தண்ணீரைப் பார்க்கப் போகிறது. இரண்டு மூன்று வாரம் துவைத்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்றுதான் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஏசாவின் பெண்டாட்டி லொவீனா அவளை ஒதுக்கி நிறுத்தினாள். லொவீனா வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவாள். கிறிஸ்துமஸ் அன்று வறுத்த வாத்து கருகிப்போனதற்கு ஏசா பீப்பாய் தட்டும் கொட்டாப்புளியின் காம்பால் முன்பல் இரண்டை எடுத்துவிட்டிருந்தான்.

"அக்கா, இவர் நோட்டரிகிட்ட போய் கையத் தூக்கி சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கார். எந்திரம் தன்னோடதாம்."

"மாதிரி இல்லாம சத்தியத்த வச்சு என்ன பண்ணுவான்?"

"அதான் சொல்றேன். மாதிரிக்கு உங்ககிட்ட வருவார்."

ஆக, திங்கட்கிழமை பதினொரு மணி ரயிலில் மாதிரியை வைத்த பெட்டி ஏறியாக வேண்டும். ஏறினால் எந்திரம் தெர்சாவுடையது. ஏறாவிட்டால் ஊர் ஊராக ஏசாவின் பெயரில் விற்கும், அவள் மூன்று விரலால் கூலிக்கு டாக்டர் வீட்டு உள்ளாடையைச் சாகும்வரை துவைத்துக்கொண்டிருப்பாள்.

ஏசா திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. தெருவில் ஒரு ஆம்பளை இருக்கமாட்டான், குறுக்கே வர ஆளில்லை. கணக்கு சரிதான். ஆனால் பிறந்ததிலிருந்து திங்கட்கிழமை வீட்டைவிட்டு ஓடியே பழகினவனுக்கு, ஓடின பிறகு அங்கே என்ன இருக்கும் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

ஒன்பதரை மணிக்குப் புறக்கடை வழியாக வந்தான். தெர்சா விடியுமுன்னே தொடங்கியிருந்தாள். செப்புக் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. கனத்த பெஞ்சில் இரும்புப் பட்டை போட்டு இறுக்கின புது எந்திரம் ஐந்து மணி நேரமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. வெள்ளையெல்லாம் கொடியில். அந்தக் கொடி ஒரே கயிறு. தெர்சாவின் கம்பத்தில் தொடங்கி, காத்தரினாவின் பேரிக்காய் மரத்தைச் சுற்றி, லொவீனாவின் கம்பத்தில் முடியும். மூன்று வீட்டுக்கும் பொது.

"என்ன அண்ணி, வேலை நடக்குதா?"

"திங்கக்கிழமை வேற என்ன நடக்கும்? வழி தப்பிட்டீங்களா கொழுந்தனாரே? சலூன் அந்தப் பக்கம்."

"இருபது டாலர்" என்றான் ஏசா.

"எதுக்கு?"

"பெட்டிக்கு."

"எந்தப் பெட்டி?"

"மரத்தூள் அடைச்சு வச்சிருக்கியே, அந்தப் பெட்டி. என் பட்டறை மரத்தூள்தானே? அள்ளிட்டுப் போனது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"மரத்தூளுக்கு இருபது டாலரா? இந்தாங்க, ஒரு கோணி வேணாலும் தர்றேன்."

"இருபத்தஞ்சு. யோசிச்சுப் பாரு. பொம்பள பேர் போட்ட எந்திரத்த எவன் வாங்குவான்?"

"கை மாட்டறது பொம்பளையோடது. பேரு மட்டும் ஆம்பளையோடதா?"

"முப்பது."

விலை ஏறும்போது சிரிப்பவன் வியாபாரி. விலை ஏறும்போது கைச்சட்டையை மடிப்பவன் வேறு ரகம். ஏசா கைச்சட்டையை மடித்தான்.

"முன்னூறு தந்தாலும் கிடையாது" என்றாள் தெர்சா. "கிளம்பு."

புறங்கையால் அறைந்தான். துணி தேய்க்கும் துத்தநாகப் பலகை மேல் முகம் குப்புற விழுந்தாள். பலகையின் வரிகள் கன்னத்தில் வரிவரியாகக் கிழித்தன. எழுந்தபோது கையில் துணி கிண்டும் தடி இருந்தது. அதைக் கொப்பரையில் விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றி, கொதிக்கக் கொதிக்க டாக்டரின் கம்பளி உள்ளாடையைத் தூக்கி ஏசாவின் கழுத்தில் போட்டாள். இரண்டு காலும் அவன் தோளில் தொங்கின. அவன் அலறின அலறலில் காத்தரினாவின் கோழிகள் கூரையேறின.

ஆடையைப் பிய்த்து எறிந்தபோது கழுத்துத் தோலும் கொஞ்சம் அதோடு போயிற்று. தடியைப் பிடுங்கி அவள் விலாவில் போட்டான். ஏதோ ஒன்று உள்ளே முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. பெஞ்சில் இருந்த இஸ்திரிக் கட்டியை எடுத்து வீசினாள். ஏழு ராத்தல் இரும்பு. இஸ்திரி போடும் செவ்வாய்க்கிழமையாக இருந்தால் பழுக்கக் காய்ந்திருக்கும், அவனுக்கு அந்த அதிர்ஷ்டம். ஆறின கட்டி காது மடலைப் பாதியாகக் கிழித்துக்கொண்டு போய் வேலியில் விழுந்தது.

"எங்க வச்சிருக்கே?" முடியைப் பிடித்துத் தரையில் இழுத்தான்.

"தேடு."

வயிற்றில் உதைத்தான். அவள் சுருண்டாள். வீட்டுக்குள் போனான். பீங்கான் உடைகிற சத்தம், இழுப்பறைகள் கவிழ்கிற சத்தம், ஜோனஸின் படம் சுவரிலிருந்து விழுகிற சத்தம். ஒவ்வொன்றும் இன்னதென்று அவளுக்குத் தெரிந்தது. பெட்டி வீட்டுக்குள் இல்லை. முற்றத்திலேயே, வேலைக்குப் போடும் சட்டைகளும் காலுறைகளுமாகக் குவித்துப் போட்டிருந்த அழுக்குமூட்டைக்கு அடியில் இருந்தது. அழுக்குத்துணியை ஆம்பளை தொடமாட்டான் என்று அங்கே வைத்திருந்தாள்.

பக்கத்து முற்றத்தில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நிற்கவில்லை. காத்தரினாவுக்கு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. லொவீனாவுக்கும் கேட்டது. ஆனால் திங்கட்கிழமை. தொட்டியை விட்டு வருகிறவள் தோற்றவள். அதுவும் ஏசாவின் சத்தம் தெருவுக்குப் புதிதில்லை.

ஏசா வெறுங்கையோடு வெளியே வந்தான். காதிலிருந்து இரத்தம் காலரில் சொட்டியது. தெர்சா ஊர்ந்து வாசலுக்கு முக்கால்வாசி தூரம் போயிருந்தாள். கழுத்தில் காலை வைத்து அழுத்தினான்.

"கட்டிப் போட்டுட்டு ஒவ்வொரு விரலா கேக்கறேன். அந்தக் கையிலயும் முழு விரல் மூணு பாக்கி இருக்கில்ல?"

கட்டக் கயிறு வேண்டும். தலைக்கு மேலேயே ஓடியது கயிறு. இடுப்புக் கத்தியை எடுத்து அறுத்தான்.

மூன்று வீட்டு வெள்ளையும் ஒரே மூச்சில் சேற்றில் விழுந்தது. சனிக்கிழமை மழை பெய்த சேறு, கன்றுக்குட்டி மிதித்துக் குழப்பின சேறு. விரிப்புகள், தலையணை உறைகள், மேஜைத் துணிகள், ஏசாவின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை இரண்டும்கூட.

மற்ற இரண்டு முற்றத்திலும் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

காத்தரினா வந்தாள். அகலமான பெண்பிள்ளை, முழங்கைக்கு மேல் மடித்துவிட்ட சட்டை, கையில் நாலடித் துவைப்புத் தடி.

"அது எங்கம்மா குடுத்த மேஜை விரிப்பு" என்றாள். "பிரெமன்லேருந்து கொண்டு வந்தேன். கப்பல்ல அம்பத்திரண்டு நாள் மடியில வச்சிருந்தேன்."

"போடி ஜெர்மன்காரி. இது குடும்ப விஷயம்."

"கழுத்த மிதிக்கறது குடும்ப விஷயம்தான். விரிப்பு என் விஷயம்."

தடி முழங்காலில் இறங்கியது. ஏசா மடங்கினான், ஆனால் விழவில்லை. பீப்பாய் உருட்டிப் பழகின உடம்பு. அவள் இரண்டாவது தடவை ஓங்குவதற்குள், முதலில் பிடுங்கிப் போட்ட தடியைத் தரையிலிருந்து எடுத்து அவள் கழுத்துப்பட்டை எலும்பில் அடித்தான். எலும்பு முறிந்தது. காத்தரினா சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே மற்றக் கையைப் பக்கத்துத் தொட்டிக்குள் விட்டு, சாம்பல் காரத்தில் காய்ச்சின கொழகொழ சோப்பை ஒரு கை அள்ளி அவன் கண்ணில் அப்பினாள்.

கண் தெரியாதவன் மாடு மாதிரி சுற்றினான். கத்தி எங்கோ விழுந்தது. கால் தடுக்கி அழுக்குமூட்டைமேல் விழுந்தான். விழுந்த இடத்தில் ஏதோ கடினமாக இடித்தது. தடவினான். மரப்பெட்டி.

"ஆகா" என்றான் ஏசா, கண் மூடியபடியே சிரித்துக்கொண்டு.

பெட்டியை அக்குளில் இடுக்கி எழுந்தான். தெர்சா சேற்றில் கிடந்த விரிப்பு ஒன்றை இரண்டு கையாலும் வாரி, பின்னாலிருந்து அவன் தலைமேல் எறிந்து இழுத்தாள். ஈர விரிப்பு நனைந்த மாட்டுத்தோல் மாதிரி கனக்கும். அவன் திமிறத் திமிற அது அவன் வலது கையைச் சுற்றிக்கொண்டது. பெட்டி நழுவி மூட்டைமேலேயே விழுந்தது. விரிப்பின் மறுமுனையை இழுத்துக்கொண்டுபோய் எந்திரத்தின் உருளைகளுக்கு நடுவே திணித்தாள் தெர்சா. கைப்பிடியைச் சுற்றப் பார்த்தாள். விலா ஒத்துழைக்கவில்லை. ஒரு சுற்றுக்கே கண் இருட்டியது.

லொவீனா வந்து நின்றுகொண்டிருந்தாள். கையில் ஏசாவின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, முதுகில் கன்றுக்குட்டியின் குளம்படி.

"லொவீனாவா அது?" விரிப்புக்குள்ளிருந்து ஏசா கேட்டான். "அவளப் பிடி. நின்னுட்டு இருக்காதே, பிடிடி."

லொவீனா சட்டையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். சட்டையைக் கவனமாக மடித்து பெஞ்சின் மேல் வைத்தாள். கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

வாரா வாரம் விரிப்பு பிழிந்து முறுக்கேறின கைகள். விரிப்பு அவன் தலையிலிருந்து உருவி உள்ளே போகப் போக ஏசா பின்னாலேயே இழுபட்டு வந்தான். எங்கே போகிறோம் என்று அவனுக்குப் புரிந்தபோது விரல்நுனி உருளையைத் தொட்டுவிட்டிருந்தது. லொவீனா ஒரு காலைப் பெஞ்சில் ஊன்றிக்கொண்டாள். இன்னொரு சுற்று. பச்சை விறகு முறிகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தம் வந்தது. விரல் முட்டிவரை போனதும் நிறுத்தினாள்.

ஏசா அலறினான். பிறகு, "திருப்பு, பின்னால திருப்பு, கழுதை" என்றான்.

"பின்னால திருப்பினா தோல் கழண்டு வரும்" என்றாள் தெர்சா. சப்பட்டை விரல்களை அவன் கண்ணுக்கு நேரே நீட்டினாள். சோப்புக்கண்ணில் அவனுக்குத் தெரிந்ததோ என்னவோ. "எனக்கு அனுபவம் இருக்கு."

"கட்டைய அழுத்து அண்ணி. முழங்கால் கட்டைய அழுத்து."

"எந்திரம் யாரோடது?"

அவன் பல்லைக் கடித்தான்.

"உன்னோடதுன்னு சத்தியம் பண்ணியிருக்கியாமே. நீ கண்டுபிடிச்சதுதானே, நீயே தொறந்துக்கோ."

நிஜமாகவே முயன்று பார்த்தான். இடது கையால் மேலும் கீழும் தடவினான். திருகு இருக்க வேண்டிய இடத்தில் திருகு இல்லை. கண் தெரியாமல் காலால் பெஞ்சை உதைத்தான், எல்லாம் தப்பான இடம். சேற்றில் உட்கார்ந்திருந்த காத்தரினா, "இன்னும் கொஞ்சம் எடதுபக்கம்" என்றாள், வேண்டுமென்றே தப்பாக.

"பாதிக்குப் பாதி" என்றான் ஏசா.

தெர்சா லொவீனாவைப் பார்த்தாள். லொவீனா கால் சுற்று சுற்றினாள்.

அலறி முடித்துவிட்டு, "மூணுல ஒண்ணு எனக்குப் போதும்" என்றான்.

மறுபடி கால் சுற்று.

"பத்துல ஒண்ணு. அந்தச் சட்டம் நான் செஞ்சது அண்ணி."

"சட்டத்துக்குக் காசு அன்னைக்கே வாங்கிட்டே." கைப்பிடி அசைந்தது.

"வேணாம். ஒண்ணும் வேணாம். உள்பையில இருக்கு, எடுத்துக்கோ."

எத்தனையோ பேரம் பார்த்த தெருதான் அது. ஆனால் வாங்க வந்தவன், தன்னுடையதல்லாத சரக்கில் தன் பங்கைக் குறைத்துக்கொண்டே போய்ச் சும்மா விட்டுவிட்டு நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தது. லொவீனா அவன் கோட்டுக்குள் கைவிட்டு இரண்டு தாள்களை எடுத்தாள். சிவப்பு அரக்கு முத்திரை. தெர்சா வாங்கிப் படித்தாள். ஏசா கோல்வினாகிய நான் மேற்படி எந்திரத்தை முதன்முதலாகவும் தனியொருவனாகவும் கண்டுபிடித்தவன் என்று முத்து முத்தான எழுத்து.

"நல்ல கையெழுத்தா இருக்கே."

"நான்தான் எழுதினேன் அக்கா" என்றாள் லொவீனா. வாயைப் பொத்தவில்லை. "அவருக்கு எழுத வராது. சொல்லச் சொல்ல எழுதினேன்."

தாள்கள் கொப்பரைக்கு அடியில் போயின. அரக்கு உருகி ஒரு துளி சீறியது.

"யார் செஞ்சது எந்திரம்?" என்று கேட்டாள் தெர்சா. "ரெண்டு பேர் சாட்சி இருக்காங்க, சத்தமா சொல்லு."

"நீங்க. நீங்கதான் செஞ்சீங்க. தொறங்க."

தெர்சா எந்திரத்துக்கு முன்னால் வந்து நின்றாள். பாவாடையை ஒதுக்கி, முழங்காலைக் கட்டையில் வைத்து அழுத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி அழுத்தினாள். கட்டை அசைந்தது. உள்ளே முளை அசையவில்லை.

"அழுத்துங்க அண்ணி."

"அழுத்தறேன்."

"விளையாடாதீங்க. எல்லாத்தையும் குடுத்துட்டேனே."

"அக்கா, இன்னும் ஏதாவது கேக்கணுமா?" என்றாள் லொவீனா, கைப்பிடியை இறுகப் பிடித்தபடி.

"ஒண்ணும் கேக்க வேணாம். நிஜமாவே தொறக்க மாட்டேங்குது."

காத்தரினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபோது எலும்பு குத்தி, ஜெர்மனில் எதையோ சொல்லித் திட்டினாள்.

தெர்சா குனிந்து உள்ளே பார்த்தாள். மரம் தண்ணீர் குடித்து ஊதியிருந்தது. மர முளை துளைக்குள் பல் மாதிரி இறுகிவிட்டது. பெட்டிக்குள் மரத்தூளில் தூங்கும் மாதிரியிலும் அதே மரம், அதே முளை. பதினொரு மணி ரயிலில் அது போனால் அதைப் பார்த்து ஆயிரம் எந்திரம் செய்வார்கள். ஒவ்வொன்றும் உலர்ந்த சமையலறையில் காரட்டைக் காப்பாற்றும். எந்த ஊரிலோ எந்தத் திங்கட்கிழமையோ ஒருத்தி, தெர்சா கோல்வின் பேர் போட்ட கட்டையை முழங்காலால் இடித்து இடித்து நின்றுகொண்டிருப்பாள். அடுத்த வீட்டுக்காரி மூன்றாவது விரிப்பை மாட்டிக்கொண்டிருப்பாள்.

வேலியோரம் கிடந்த இஸ்திரிக் கட்டியை எடுத்து வந்தாள். முளையின் தலையைப் பார்த்து அடித்தாள். முதல் அடி தவறி ஏசாவின் மணிக்கட்டில் விழுந்தது.

"அது வேணும்னே" என்றான் ஏசா, அழுகையோடு.

"இல்ல. அடுத்ததும் தவறினா அப்பவும் இல்ல."

இரண்டாவது அடியில் முளை பிளந்தது. மூன்றாவது அடியில் தெறித்தது. மேல் உருளை சுத்தமாகத் துள்ளி எழுந்து நின்றது. கை வெளியே வந்தது. விரிப்பைப் பிரித்தபோது அது கையாக இல்லை. உள்ளே எலும்பு இருந்த ஒரு கையுறையை யாரோ மாவு உருட்டின மாதிரி இருந்தது. ஏசா அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டு, தன் இன்னொரு ஞாயிற்றுக்கிழமைச் சட்டைமேலேயே மல்லாக்க விழுந்தான்.

லொவீனா கைப்பிடியை விட்டாள்.

"டாக்டரக் கூப்பிடணும்" என்றாள் லொவீனா.

"திங்கக்கிழமை டாக்டர் வீட்ல எப்படிடி இருப்பார்?" என்றாள் காத்தரினா. "சலூன்ல பாரு. மொதல்ல என் எலும்பு, அப்புறம் அவன் கை. இங்க யாரு முன்னாடி வந்து விழுந்தது?"

"மொதல்ல விழுந்தது நான்" என்றாள் தெர்சா.

"ஒனக்கு விலாதானே, அதுக்கு டாக்டர் ஒண்ணும் பண்ண மாட்டார்."

தெருக்கோடியில் எதுவோ வெள்ளையாக அசைந்தது. பாதிரியார் வீட்டுக் கொடியில் விரிப்பு ஏறிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. காத்தரினா பார்த்தாள். எலும்பு முறிந்தபோதுகூட அவள் முகம் அப்படிக் கோணவில்லை.

ரயில் ஆற்றுப்பாலத்தில் ஊதியது. தெர்சா விலாவைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். பெட்டியை மடியில் வைத்துத் திறந்து, மரத்தூளைத் தட்டி மாதிரியை எடுத்தாள். ஒருமுறை அதன் கட்டையைச் சுண்டுவிரலால் அழுத்தினாள். சின்ன உருளை சமர்த்தாகத் துள்ளியது. தலையைக் குனிந்து, முளையைப் பல்லால் கடித்து இழுத்து, சேற்றில் துப்பினாள்.

"ரயில் போயிடும் அக்கா."

"போகட்டும். அவசரப்படுத்தினவன் இங்க கிடக்கான், இனிமே எந்த ரயில்ல அனுப்பினா என்ன? பித்தளை வேணும். இந்தா, இந்தத் துளைக்கு ஏத்த கனம்."

லொவீனா குனிந்து ஏசாவின் இடுப்பைத் தடவினாள். பட்டறைச் சாவிக்கொத்தை அவிழ்த்தாள். அவன் முனகினான். அவள் கை ஒரு கணம் பழக்கதோஷத்தில் பின்வாங்கியது, பிறகு சாவியை உருவிக்கொண்டது.

"கொஞ்ச நாளைக்கு இது அவருக்கு வேண்டியிருக்காது" என்றாள். "கம்பி எத்தன கொண்டு வரட்டும்?"

"ரெண்டு. ஒண்ணு மாதிரிக்கு, ஒண்ணு பெரிசுக்கு." தெர்சா வாயிலிருந்து மரச்சிராயை எடுத்துப் போட்டாள். "அப்படியே கயிறும் ஒண்ணு கொண்டு வா. துணி எல்லாம் மறுபடி துவைக்கணும். இந்தத் தடவ தண்ணியில ஊற வச்சுட்டுத்தான் அழுத்திப் பாக்கப் போறேன்."